ஹானியாவின் பழைய துறைமுகத்தில் மீன் சாப்பிடப் போகிறவர்களுக்கு

கிரீட் தீவின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் ஹானியாவுக்கு முதல்முறை போகிறவர்கள், மாலையில் பழைய துறைமுகத்தைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு, கால் வலித்த இடத்தில் கிடைத்த மேசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சாப்பாடு சுமாராக இருக்கும், பில் மட்டும் பெரிதாக வரும். அதே துறைமுகத்தில், சில நூறு அடி தள்ளி, மறக்க முடியாத மீன் சாப்பிட்டிருக்கலாம். ப்ஸாரோதவெர்னா எனப்படும் கிரேக்க மீன் உணவகத்தில் சாப்பாட்டின் தரம் பெரும்பாலும் அடுப்புக்கு முன்பே, ஐஸ் பெட்டியின் பக்கத்தில் நின்று பேசும்போது தீர்மானமாகிவிடுகிறது. அந்தப் பேச்சை எப்படி நடத்துவது, அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

எந்தக் கரையில் உட்காருவது

இந்தத் துறைமுகத்தை வெனீசியர்கள் 14ஆம் நூற்றாண்டில் கட்டினார்கள். 1645இல் நகரம் ஒட்டோமான்கள் கைக்குப் போனது. தண்ணீர் ஓரத்தில் குவிமாடங்களோடு நிற்கும் மசூதி அதற்குப் பிறகு வந்தது. துறைமுக வாயிலில் உள்ள கலங்கரை விளக்கமும் வெனீசியர் போட்டதுதான். 1830களில் எகிப்தியர் நிர்வாகத்தின்போது அதைத் திரும்பக் கட்டினார்கள், இன்றைய வடிவம் அப்போது வந்தது. எதிர்ப்புறம் மேற்கு முனையில் ஃபிர்காஸ் கோட்டை. கிரீட் கிரீஸோடு இணைந்ததற்கான கொடி 1913 டிசம்பர் 1 அன்று அங்கேதான் ஏறியது. பெரிய கப்பல்களுக்கு இந்தத் துறைமுகம் ஆழம் போதாது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து வரும் இரவுக் கப்பல்கள் எல்லாம் கிழக்கே சூதா வளைகுடாவில்தான் நிற்கின்றன. பழைய துறைமுகத்தில் மிஞ்சியிருப்பவை சின்ன மீன்பிடிப் படகுகளும் உல்லாசப் படகுகளும்.

சாப்பிடுகிறவர் கணக்கில் இந்தக் கரை மூன்று துண்டு. மேற்கே பிறை வடிவில் வளைந்து கிடப்பது வெளித்துறை. அக்தி குந்தூரியோதி என்பது அந்தக் கரையின் பெயர். கலங்கரை விளக்கம் நேர் எதிரே தெரியும் என்பதால் கூட்டம் அங்கேதான் அதிகம். வாசலில் நின்று கூப்பிடுகிற ஆட்களும் அங்கேதான். மசூதியைத் தாண்டிக் கிழக்கே போனால் உள்துறை. வெனீசியர்கள் கப்பல் கட்டிய நெடிய கல் கூடங்களில் ஏழு இன்னும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன, நெயோரியா என்பார்கள். அவற்றின் முன்னால் படகுகள் கட்டியிருக்கும், கரை கொஞ்சம் அமைதியாக இருக்கும். மூன்றாவது நேயா ஹோரா. கோட்டைக்குப் பின்னால் மேற்கே கால் மணி நேரம் நடந்தால் வரும் கடற்கரைப் பகுதி. பழமையான கட்டடம் எதுவும் இல்லை. ஆனால் ஹானியாக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்தோடு மீன் சாப்பிட வருவது அங்கே.

என் யோசனை இதுதான்: வெளித்துறையில் ஒரு காபி குடியுங்கள், காட்சியை ஆசை தீரப் பாருங்கள். சாப்பாட்டை உள்துறையிலோ நேயா ஹோராவிலோ வைத்துக்கொள்ளுங்கள். வெளித்துறையில் நல்ல சமையலே இல்லை என்று சொல்லவில்லை; புதிதாக வருகிறவருக்கு அங்கே நல்லதைப் பிரித்தறிவது கஷ்டம்.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை எளிமையானவை. மீன் வைத்த ஐஸ் பெட்டி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். பட்டியல் சின்னதாக இருக்க வேண்டும். பக்கத்து மேசைகளில் கிரேக்கப் பேச்சு கேட்க வேண்டும். மீனோடு பீட்சா, பர்கர், பாஸ்தா எல்லாம் படத்தோடு அச்சிட்ட கனமான பட்டியல் இருக்கும் கடையைத் தாண்டிப் போங்கள். யாராவது கையைப் பிடிக்காத குறையாக அழைத்தால், சிரித்துக்கொண்டே "ஓஹி, எஃப்ஹரிஸ்தோ" என்றால் போதும். வேண்டாம், நன்றி. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எப்போது போவது

மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். ஏழு மணிக்கே போனாலும் சோறு கிடைக்காமல் போகாது, ஆனால் சுற்றுலாப் பயணிகள் மட்டும்தான் துணைக்கு இருப்பார்கள். குழந்தைகளோடு போகிறீர்களே என்று தயங்க வேண்டாம், பதினோரு மணிக்கும் மேசைகளுக்கு நடுவே பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பது அங்கே சாதாரணம்.

நேரத்தைவிட முக்கியமானது காற்று. ஹானியாத் துறைமுகம் வடக்கே பார்த்தது. வடகாற்று பலமாக அடித்தால் சின்னப் படகுகள் கடலுக்குப் போகாது. கிரேக்கர்கள் காற்றைப் பொஃபோர் எண்ணில்தான் பேசுவார்கள், காற்றின் பலத்தைச் சொல்லும் அளவு அது, எண் கூடக்கூடக் காற்று பலம்; "ஏழு பொஃபோர், எட்டு பொஃபோர்" என்று இரண்டு மூன்று நாள் தொடர்ந்து காதில் விழுந்தால், அன்றைக்குப் பெட்டியில் இருக்கும் பெரிய மீன் அந்தக் கரையில் பிடித்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. அப்படிப்பட்ட நாளில் ஆக்டோபஸ், ஊறவைத்த நெத்திலி, பருப்பு, கீரை என்று சாப்பிடுங்கள்.

பருவமும் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் முடியும்வரை கிரேக்கக் கடலில் இழுவைப் படகுகளுக்குத் தடை. அதாவது சுற்றுலாக் கூட்டம் உச்சத்தில் இருக்கும் மாதங்களில், கரையோரப் படகுகள் வலையிலும் தூண்டில் கயிற்றிலும் பிடித்து வருவதுதான் உள்ளூர் மீன். அது அளவில் குறைவு, அதனால் விலை கூடுதல். மத்தியும் நெத்திலியும் வேறு வழியில் வருகின்றன. க்ரி-க்ரி என்ற படகுகள் இரவில் விளக்கு போட்டு மீனைக் கூட்டி, சுற்றி வலை போடும். நிலா முழுதாக இருக்கும் இரவுகளில் விளக்கு வேலை செய்யாது, படகுகள் கரையில் நிற்கும். பௌர்ணமியை ஒட்டிப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஐஸ் பெட்டியின் முன்னால்

மேசை பிடித்து உட்கார்ந்ததும் பட்டியலைத் திறக்க வேண்டாம். "மீனைப் பார்க்கலாமா?" என்று கேட்டு எழுந்து போங்கள். இது அங்கே மரியாதைக் குறைவு இல்லை, நல்ல கடைக்காரர்களுக்கு இதில் சந்தோஷம்தான். கிரேக்கத்தில் கேட்க ஆசைப்பட்டால் "தி ப்ஸாரி எஹெதே ஃப்ரெஸ்கோ சிமெரா?" என்று கேளுங்கள். இன்றைக்கு என்ன மீன் புதிதாக இருக்கிறது என்று அர்த்தம். கண் துருத்தித் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் மீன் வாங்கிப் பழகியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலும் கரையும் வேறு, பார்க்கும் முறை ஒன்றேதான்.

பெட்டியில் இருப்பவற்றை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சின்ன மீன்கள் தட்டுக் கணக்கில் வரும். கவ்ரோஸ் என்பது நெத்திலி வகை, சர்தெலா மத்தி வகை. மரீதா விரல் நீளத்துக்கு வரும் மீன், அதெரீனா அதைவிடப் பொடி. இவற்றை மாவில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். தலையோடு அப்படியே தின்பது வழக்கம். விலை குறைவு, பெரும்பாலும் புதிது, எனக்குக் கேட்டால் முதல்முறை போகிறவர்கள் இதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பேன்.

பெரிய மீன்களுக்குக் கிலோ விலை. பர்பூனி என்ற சிவப்பு மீன் நம் நவரைக்குச் சொந்தம். உருவத்தில் சின்னது என்றாலும் விலையில் பெரியவர்களோடு சேர்ந்தது. ஃபக்ரி, சினக்ரீதா இரண்டும் வெள்ளைச் சதையுள்ள பெரிய மீன்கள், நான்கு பேர் சேர்ந்து போனால் ஒன்றைச் சுடச் சொல்லிப் பகிரலாம். ஸ்காரோஸ் கிளிமீன் வகை. கிரீட்டில் இதற்குத் தனி மரியாதை உண்டு, குடலை எடுக்காமல் சுட்டால்தான் ருசி என்று சொல்கிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். அது பாசி தின்னும் மீன் என்பதால் அப்படி. தயக்கமாக இருந்தால் சுத்தம் செய்துவிடச் சொல்லுங்கள்.

அப்புறம் ட்ஸிபூரா, லவ்ராகி. எல்லாப் பட்டியலிலும் இருக்கும் இரண்டு பெயர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த இரண்டையும் மிக அதிகமாகப் பண்ணையில் வளர்ப்பது கிரீஸ்தான். தட்டு நிறைய ஒரே அளவில், ஒரே எடையில் அடுக்கி வைத்திருந்தால் அது பண்ணை மீன். பண்ணை மீன் கெட்டது இல்லை, விலையும் கட்டுப்படியாகும், சுட்டால் மென்மையாக இருக்கும். ஆனால் கடல் மீனின் விலையைக் கொடுத்துப் பண்ணை மீனைச் சாப்பிடக் கூடாது. அதனால் கேட்டுவிடுங்கள்: "பெலாகீஸியோ?" என்றால் கடலில் பிடித்ததா என்று அர்த்தம். நேர்மையான கடைக்காரர் நேராகப் பதில் சொல்வார்.

உறைமீன் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. உறைய வைத்த பொருளைப் பட்டியலில் குறிப்பிட்டே ஆக வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியோ, "கத்." என்ற கிரேக்கச் சுருக்கமோ இருக்கும். கலமாரி என்ற கணவாயும் இறாலும் பல கடைகளில் உறைந்தவைதான். அது தெரிந்தே வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

சில இடங்களில் சிங்கமீன் கிடைக்கும், லியோன்தோப்ஸாரோ என்பார்கள். செங்கடலிலிருந்து சூயஸ் கால்வாய் வழியாக வந்து, கிழக்கு மத்தியதரைக் கடலின் மீன்குஞ்சுகளைத் தின்று தீர்க்கும் மீன் அது. முள்ளில்தான் விஷம், சதையில் இல்லை. சதை வெள்ளையாக, இனிப்பாக இருக்கும். கண்ணில் பட்டால் தாராளமாகக் கேளுங்கள், அந்தக் கடலுக்கும் நல்லது.

எடை போடச் சொல்லுங்கள்

பெரிய மீனைத் தேர்ந்தெடுத்ததும், அது சமையலறைக்குள் போவதற்கு முன், உங்கள் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லுங்கள். எடையையும் மொத்த விலையையும் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். எடை பெரும்பாலும் குடல் எடுப்பதற்கு முந்தையது. கிலோ 60 யூரோ என்று வைத்துக்கொண்டால் 700 கிராம் மீன் 42 யூரோ. பட்டியலில் 60 என்று பார்த்துவிட்டு ஒரு தட்டின் விலை என்று நினைக்கிறவர்களும் உண்டு, மீன் ஒன்றின் விலை என்று நினைக்கிறவர்களும் உண்டு. சண்டைகள் எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. ஒருவருக்கு 400 கிராம் முழு மீன் தாராளம். இரண்டு பேருக்கு முக்கால் கிலோ, முன்னால் நாலு சின்னத் தட்டு வாங்கியிருந்தால் அதுவே அதிகம்.

எப்படிச் சமைக்க என்று கேட்பார்கள். பெரிய மீனென்றால் கரியில் சுடச் சொல்லுங்கள். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் அடித்துக் கலந்த லதோலெமோனோ மேலே ஊற்றி வரும். மிளகாய், மஞ்சள், புளி எதுவும் இல்லாமல் மீனா என்று முதல் வாய்க்கு முன் தோன்றலாம். எலுமிச்சையைக்கூட உடனே பிழிய வேண்டாம். தோல் கருகிய பக்கத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து, தட்டில் தேங்கிய எண்ணெயில் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். அந்தச் சமையலில் மறைப்பதற்கு எதுவும் இல்லை. மீன் நேற்றையதாக இருந்தால் அந்த முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

மேசைக்கு என்ன சொல்வது

ஆளுக்கொரு தட்டு என்ற கணக்கு இங்கே பொருந்தாது. எல்லாம் மேசை நடுவில் வரும், எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஒரே மூச்சில் முழுவதையும் சொல்லிவிடாதீர்கள். இரண்டு பேர் என்றால் முதலில் ஒரு சாலட், ஒரு கீரை, ஒரு கடல் தட்டு. அவை வந்து பாதி முடிந்த பிறகு அடுத்தது. வயிறு நிறைந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். சுடும் மீனை மட்டும் முன்கூட்டியே சொல்லி, "கொஞ்சம் பொறுத்துக் கொண்டுவாருங்கள்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றாக வந்து ஆறிப்போகும்.

கிரீட்டுக்கு வந்துவிட்டுத் தவறவிடக் கூடாதவை சில. தாகோஸ்: வறட்டு பார்லி ரொட்டியின் மேல் துருவிய தக்காளி, மிஸித்ரா என்ற வெள்ளைப் பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய். கொஞ்ச நேரம் விட்டு, ரொட்டி ஊறிய பிறகு சாப்பிட வேண்டும். ஸ்தம்னகாதி: முட்செடியில் வரும் காட்டுக்கீரை, வேகவைத்து எண்ணெய் எலுமிச்சையோடு வரும். லேசான கசப்பு, பொரித்த மீனுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. ஸூபியா என்ற கணவாயைப் பெருஞ்சீரகச் செடியின் இலையோடும் பச்சை ஆலிவோடும் சேர்த்துக் குழம்பாக வைப்பார்கள். கிரீட்டின் தனிச் சமையல்களில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான், பட்டியலில் பார்த்தால் மீனைக்கூடக் குறைத்துக்கொண்டு அதை வாங்குவேன். ஆக்டோபஸைக் கரியில் சுட்டும் தருவார்கள், வினிகரில் ஊறவைத்தும் தருவார்கள். சுட்டதை முதலில் பாருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர் கூட வந்தால் மீன் கடையா என்று கவலைப்பட வேண்டாம். ஃபாவா என்ற மசித்த மஞ்சள் பருப்பு, சுட்ட கத்தரிக்காய் மெலித்ஸனோசலாதா, பெரிய அவரை விதைகளைத் தக்காளியில் வேகவைத்த கிகாந்தெஸ் எல்லாம் இருக்கும். சுரைக்காய் வகைக் காயும் உருளைக்கிழங்கும் மிஸித்ராவும் புதினாவும் அடுக்கிச் சுட்ட பூரெகி ஹானியாவின் சொந்தப் பண்டம். தாராமோசலாதா மட்டும் மீன் முட்டை, தெரியாமல் எடுத்துவிடக் கூடாது. அரிசி அடைத்த தக்காளி, திராட்சை இலைச் சுருள் ஆகியவற்றில் சில வீடுகளில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், "ஹோரிஸ் க்ரேயாஸ்?" என்று கேளுங்கள், இறைச்சி இல்லாமலா என்று. உருளைக்கிழங்கு மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிந்திருக்கலாம், கண்டிப்பானவர்கள் அதையும் விசாரிக்க வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். நோன்பில் மீனுக்குத் தடை, ஆனால் ஆக்டோபஸ், கணவாய், இறால், சிப்பி ஆகியவற்றுக்கு இல்லை. அதனால் அந்த வாரங்களில் இவற்றின் சமையல் மிக நன்றாக இருக்கும். நோன்புக்கு நடுவே மார்ச் 25 அன்றும் குருத்தோலை ஞாயிறு அன்றும் மீன் உண்டு. மார்ச் 25 அன்று நாடு முழுக்கப் பொரித்த உப்புக்கண்ட மீனும் பூண்டு மசியலும்.

குடிக்க

தண்ணீர் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும். ஹானியாவில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். மதுவில் கடை ஒயினை எடையில்தான் கேட்பார்கள்: "மிஸோ கிலோ" என்றால் அரைக் கிலோ, அதாவது கிட்டத்தட்ட அரை லிட்டர், குடுவையில் வரும். ஊஸோ என்ற சோம்பு மணமுள்ள மது வாங்கினால் முதலில் தண்ணீர் ஊற்றி, பால் போல வெளுத்த பிறகு ஐஸ் போடுங்கள். மது பழக்கமில்லாதவர்கள் எலுமிச்சைப் பானம் எதையாவது வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரலாம், யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை.

சாப்பிடும்போதும் எழும்போதும்

சின்ன மீனைக் கையால் சாப்பிடுங்கள், எல்லோரும் அப்படித்தான். பெரிய மீனை முள் எடுத்துத் தரச் சொல்லலாம். நீங்களே எடுக்கத் தெரிந்தவரென்றால் தலையை விட்டுவிடாதீர்கள், கன்னச் சதைதான் அதில் சிறந்தது. காலடியில் பூனைகள் வந்து உட்காரும். ஒன்றுக்குப் போட்டால் ஐந்து வரும்.

ரொட்டியும் ஆலிவும் கேட்காமலே வரும். குவேர் என்ற பெயரில் ஆளுக்குச் சிறு தொகை பில்லில் இருக்கும். வேண்டாமென்றால் வைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பில்லை நீங்கள் கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள். மேசை அன்றிரவு முழுவதும் உங்களுடையது என்பது அங்கே எண்ணம். "தொ லொகரியஸ்மோ, பரகலோ" என்றால் வரும். கூடவே கிரீட்டில் பழத் துண்டுகளும் சின்னக் குடுவையில் ட்ஸிகூதியாவும் வரும். இது கடையின் அன்பளிப்பு, பில்லில் சேராது. ஒயினுக்குப் பிழிந்த திராட்சைச் சக்கையைக் காய்ச்சி வடிப்பது அது, நல்ல காரம். ஒரு வாய் குடித்தால் போதும். குடிக்காதவர்கள் பழத்தை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லலாம்.

பட்டியல் விலையிலேயே வரியும் சேவையும் அடக்கம். நன்றாக இருந்தால் ஐந்து முதல் பத்து சதவீதம் மேசையில் பணமாக வைப்பது வழக்கம், கட்டாயமில்லை. கார்டு எல்லாக் கடையிலும் வாங்க வேண்டும். முறையான ரசீது தராவிட்டால் பணம் கொடுக்க வேண்டிய கடமை இல்லை என்று பட்டியலிலேயே அச்சிட்டிருக்கும். எனவே கையால் கிறுக்கிய தாளை நீட்டினால், அச்சடித்த ரசீதைக் கேட்டு வாங்கி, மீனின் எடையைச் சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மறுநாளும் அங்கேயே வர நினைத்தால் எழுவதற்கு முன் சொல்லிவிடுங்கள். ககாவியா என்ற மீனவர் சூப்பைப் பல கடைகளில் முதல்நாளே சொன்னால்தான் வைப்பார்கள், ஏனென்றால் காலையில் வரும் பாறை மீன்களைப் பொறுத்தது அது. எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். காற்று இல்லாவிட்டால் கிடைக்கும்.